முன்வரிசை சோபா

உக்காருங்ணா. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் கட்டை. இந்தச் சேர்ல உக்காருங்க. மோட்டார் காயில் கட்டற கடைன்னா இப்படித்தான், எங்க கை வெச்சாலும் வார்னிஷ் ஒட்டும், வேட்டியக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்குங்க. எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுதுங்ணா. ஜாதகம் கொண்டாந்தது நீங்க, ரெண்டு ஊட்டுக்கும் நடந்தது நீங்க, கூடி வந்த சம்பந்தம் ஏன் அந்தரத்துல நிக்குதுன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நான் ஒண்ணும் ஒளிக்கப் போறதில்ல. ஆனா அவங்க என்ன சொன்னாங்கன்னு இப்பச் சொல்லாதீங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டு, தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க.

எல்லாத்துக்கும் காரணம் அந்த ஜோயல்ங்ணா. யாரு ஜோயலா? தெரியாதுங்களா? தெரியாத வரைக்கும் நல்லது. 'ஒன்பதாம் திசை'ன்னு ஒரு ராக் பேண்டு. நாலு பேரு, கிட்டாரு, டிரம்ஸு, ஆனா தமிழ்லயே பாடுவாங்க. நாகர்கோயில் பக்கத்து ஆளு ஜோயல், அவர்தான் பாடறது. பாருங்க, இன்னும் அவருங்கறேன். இருபது வருசத்துக்கு மேல பழக்கம், வாய் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. அவன். அவன்தான் பாடறது.

எம் பொண்ணு தாரணி கைக்கொழந்தையா இருக்கையில, நான் ஒரு பட்டறையில கூலிக்கு இருந்தேன். பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜு. அங்க ஏதோ விழான்னு பொழுதோட சத்தம் கேட்டுச்சு, காம்பவுண்டு ஏறிக் குதிச்சுப் போய்ட்டேன். கடேசி வரிசைக்கும் பின்னாடி, சைக்கிள் ஸ்டாண்டு தகரத்து மேல உக்காந்து பாத்தேன். அவன் எனக்குச் சுண்டுவெரல் அளவுதான் தெரிஞ்சான். ஆனா கொரலு நேரா வந்து நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. 'கூரையில்லா வீட்டில வானம் வந்து படுத்திருக்கு'ன்னு ஒரு பாட்டு. எங்க ஊடு அப்ப அப்படித்தாங்ணா இருந்துச்சு, மழைக்கு ஓடு சரிஞ்சு, ராத்திரி நட்சத்திரம் தெரியும். இவன் எனக்காகவே பாடறான்னு நெனச்சு அழுதுட்டேன். வெக்கமில்லாமச் சொல்றேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

அந்த 'வானம்'ங்கற எடம் வரும்போது கைய ஒசத்தி ஒத்தை வெரலை மேல காட்டினான். அவ்வளவுதான், கூட்டம் பூராவும் வெரலைத் தூக்குச்சு. நானும் தூக்கினேன். என்னமோ, மேல பாருடா, எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு மட்டும் சொன்ன மாதர இருந்துச்சு.

அதுக்கப்பறம் எந்த ஊர்ல கச்சேரின்னாலும் போவேன். ஈரோடு, சேலம், திருச்சி, ஒரு தடவை மெட்ராஸுக்கே போனேன். எப்பவும் பின்னாடிதான், கம்பு கட்டி நிக்க வெப்பாங்களே அங்க. எங்கயும் அந்த வெரல் தப்பாது. இங்க நம்ம கணபதி ஏரியாவுல ரசிகர் மன்றம் ஆரம்பிச்சு, நான்தான் தலைவர், மன்றத்துச் சின்னமே அந்த வெரல்தான். பனியன்ல அடிச்சோம். இந்தக் கடை ஷட்டர்ல பெயின்ட்ல எழுதி வெச்சிருந்தேன், நீங்களே பாத்திருப்பீங்க. மோட்டார் சரி பண்ண வர்றவங்க, ஏனுங்க மாடிக்குப் போகச் சொல்றீங்களான்னு கேப்பாங்க. எங்கப்பாவுக்குக் கொள்ளி வெக்கையில நான் அந்த வெரலைத் தூக்கி நின்னேன், சொந்தக்காரங்க எல்லாரும் மேல என்ன பறக்குதுன்னு அண்ணாந்து பாத்தாங்க. தாரணி பேசறதுக்கு முன்னாடியே, வானம் எங்க கண்ணுன்னு கேட்டா, வெரலைத் தூக்குவா. அப்படி வளத்தேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். இல்லீங்ணா, இதுவும் விசயந்தான். இது புரிஞ்சாத்தான் அது புரியும்.

சென்னியப்பன் ஊட்டுல பொண்ணு பாக்க வந்தாங்க இல்லீங்களா. நீங்களும் இருந்தீங்க. பலகாரம் காப்பி ஆச்சு, பேச்சு நல்லாத்தான் போச்சு. பையன் நவநீதன் சுத்தி முத்திப் பாத்துட்டு, செவுத்துல ஜோயல் படத்தப் பாத்து, மாமா உங்களுக்கு ஒன்பதாம் திசை புடிக்குங்களான்னான். புடிக்குமாவா? நான் ஒரு மணி நேரம் பேசினேன். என் ஊட்டுக்காரி சுலோச்சனா கண்ணக் காட்டிட்டே இருந்தா, நிறுத்துங்கன்னு. நான் நிறுத்துல. சென்னியப்பன் கேட்டுட்டு, அடுத்த மாசம் நம்ம கோயமுத்தூர்லயே அவங்க புரோகிராம் இருக்குதுங்க, எங்க பம்ப்செட் கம்பெனிதான் ஸ்பான்ஸர், முன்வரிசையில உங்க குடும்பத்துக்கு எடம் போட்டறலாம், அது முடிஞ்சு அப்படியே நம்மூட்டுக்கு வந்து கை நனைச்சுட்டுப் போலாம், மேக்கொண்டு தேதி பேசிக்கலாம்னாரு. உங்களுக்குத் தெரியாததில்ல, நம்ம பக்கம் மாப்பிள்ளை ஊட்டுல சோறு தின்னாத்தான் உறுதி. அதுக்கு முன்னாடி தண்ணி காப்பியோட சரி. நான் அதெல்லாம் காதுல வாங்கவேயில்லீங்ணா. முன்வரிசைன்னாரே, அதோட காது அடைச்சுப் போச்சு.

அந்த ஒரு மாசம் நான் மனுசனாவே இல்ல. கல்யாணம் யாருக்கு, உங்களுக்கா அவளுக்கான்னு சுலோச்சனா கேட்டா. புதுச் சட்டை எடுத்தேன். ஊர்ல ஒருத்தர் பாக்கியில்ல, முன்வரிசை முன்வரிசைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். தாரணி என்ன சேலை எடுத்தான்னு கேட்டா எனக்குத் தெரியாது, ஏதோ பச்சை.

போனோம். அவிநாசி ரோட்டுல அந்தப் பெரிய மைதானம். வாசல்லயே சென்னியப்பன் நின்னு கூட்டிட்டுப் போனாரு. முன்வரிசைன்னா சேரு கெடையாதுங்ணா, சோபா. கல்யாண மண்டபத்துல போடற வெள்ளைத் துணி போட்ட சோபா. முன்னாடி டீபாய். அதுல முந்திரி, தண்ணி பாட்டிலு. ராக் கச்சேரிக்கு முந்திரிங்ணா. பின்னாடி கம்புக்கு அக்கட்ட புள்ளைங்க தொண்டை கிழியக் கத்துது, இங்க டீலருங்க குடும்பம் உக்காந்து மொறுமொறுன்னு தின்னுட்டிருக்குது. ஒருத்தரு போன்ல சரக்கு வண்டி எங்க வருதுன்னு விசாரிக்கறாரு. எனக்கு அப்பவே ஒரு மாதர ஆயிப்போச்சு. எந்திரிச்சுப் பின்னாடி போலாமான்னு கூடப் பாத்தேன், வழி கயிறு கட்டியிருந்துச்சு.

நவநீதன் என்ன பண்ணினாந் தெரியுங்களா? பையில இருந்து பஞ்சு எடுத்து, அத்தை, ஸ்பீக்கர் பக்கம், சத்தம் காதை அடைக்கும், வெச்சுக்குங்கன்னு சுலோச்சனாகிட்டக் குடுக்கறான். பாட்டுக் கேக்க வந்த எடத்துல காதுல பஞ்சு. அவளும் பல்லக் காட்டிட்டு வாங்கி வெச்சுக்கிட்டா. எனக்கும் நீட்டினான். நான் பாத்த பார்வையில கைய மடக்கிட்டான்.

ஜோயல் வந்தாங்ணா. புகை, வெளிச்சம், அந்த மொத கிட்டார் சத்தம். எனக்கும் அவனுக்கும் நடுவுல எட்டி ஒரு பந்து போட்டா விழற தூரம். கண்ணு தண்ணி கட்டி ஒண்ணுமே தெரியல. தொடைச்சுட்டுப் பாத்தேன். தொடைச்சிருக்கவே கூடாது.

மொதல்ல காலு. ஜோயல் வெறுங்கால்லதான் பாடுவான், ஊர் ஒலகத்துக்கே தெரியும். மண்ணைத் தொடாம எனக்குப் பாட்டு வராதுன்னு பேட்டியில சொல்லியிருக்கான். நாங்க மன்றத்துக்காரங்க அவன் பொறந்தநாளன்னைக்குச் செருப்பே போட மாட்டோம், தார் ரோட்டுல நடந்து காலு கொப்பளிச்சிருக்குது. கிட்ட உக்காந்து பாக்கறேன், கணுக்காலுக்கு மேல ஒரு கோடு. காலு நெறத்துலயே சாக்ஸுங்ணா. தோல் கலர்ல சாக்ஸு போட்டுட்டு ஆடறான்.

அப்பறம் தலை. வேர்க்க வேர்க்க, காதுக்குப் பின்னாடி கறுப்பா ஒழுகி, வெள்ளைச் சட்டைக் காலர் பூரா மை. வயசாகுது, சாயம் அடிக்கறான், அதுல தப்பில்ல. நானுந்தான் அடிக்கறேன். ஆனா நான் வேர்க்கற எடத்துக்கு அடிச்சுட்டுப் போறதில்ல.

அப்பறம் எச்சி. அதைச் சொல்லவே குமட்டுதுங்ணா. ரெண்டு வரிக்கு நடுவுல திரும்பி, டிரம்ஸுக்குப் பின்னாடி ஒரு பக்கெட்டு, அதுல காறித் துப்பறான். கொழகொழன்னு. தொடைச்சுட்டுத் திரும்பி வந்து, 'அன்பே'ன்னு ஆரம்பிக்கறான். உச்சஸ்தாயியில கத்தும்போது மைக்கு வெளிச்சத்துல தெரியுது, சாரல் மாதர எச்சி பறக்குது. ஒரு துளி எம்மேல பட்டுச்சு, இங்க, கன்னத்துல. ஒரு காலத்துல அது பட்டிருந்தா ஒரு வாரம் மொகம் கழுவியிருக்க மாட்டேன். கர்ச்சீப்ப எடுத்துத் தொடைச்சு, அந்தக் கர்ச்சீப்பையும் சோபாவுக்கு அடியில போட்டுட்டேன். சுலோச்சனாகிட்டச் சொன்னா, தொண்டை கட்டிக்கிட்டா மனுசன் துப்பத்தானே செய்வாங்கறா. அவளுக்கு என்ன தெரியும், காதுல பஞ்சு.

அழுகைப் பாட்டுன்னு ஒண்ணு இருக்குது, அம்மா செத்ததப் பத்தி. அதுல அவன் அழுவான். பெரிய திரையில கண்ணீர் வழியறதப் பாத்து நாங்க எல்லாரும் அழுவோம். பாட்டுக்கு முன்னாடி முதுகைக் காட்டி நின்னு, பாட்டில் தண்ணிய மொகத்துல ஊத்திட்டுத் திரும்பறாங்ணா. ஊத்தறது எனக்குத் தெரியுது, பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாது. அந்தம்மா உசுரோட இருக்குதோ என்னமோ. போதாக்கொறைக்கு அவன் காலடியில ஒரு டிவி சாச்சு வெச்சிருக்குது, அதுல பாட்டு எழுத்து ஓடுது. அவன் எழுதின பாட்டை அவனே பாத்துப் படிக்கறான். என்னைய ராத்திரி எழுப்பிக் கேளுங்க, ஒரு வரி தப்பாது.

இதெல்லாங்கூடப் பொறுத்துக்கிட்டேங்ணா. சத்தியமாப் பொறுத்துக்கிட்டேன். அந்த ஒரு பாட்டு வரட்டும், அந்த வெரலைப் பாத்துட்டாப் போதும், மீதியெல்லாம் மறந்துறலாம்னு பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். இந்தப் பக்கம் தாரணியும் அந்தப் பையனும் குசுகுசுன்னு பேசிட்டு, நடுநடுவுல சிரிப்பு வேற. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததேயில்ல. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, பாட்டு நடக்கையில என்ன சிரிப்பு?

கூரையில்லா வீடு ஆரம்பிச்சுச்சு. எந்திரிச்சு நின்னேன். பின்னால இருந்த டீலர் ஊட்டம்மா, ஏனுங்க மறைக்குதுன்னுச்சு. காதுல வாங்கல. வானம் வந்துன்னான், கைய ஒசத்தினான், வெரலைத் தூக்கினான். ஆயிரக்கணக்குல வெரல் எந்திரிச்சுச்சு. நானும் தூக்கிட்டு நின்னேன். அப்ப இந்த நவநீதன் எந்திரிச்சு எங்காது கிட்ட வந்து, சிரிச்சுட்டே சொல்றான்: "மாமா, மானிட்டர் ஏத்தச் சொல்றாரு. காலேஜ்ல நாங்க பேண்டு வெச்சிருக்கறப்ப நாங்களும் இப்படித்தான் காட்டுவோம்."

எனக்குப் புரியல. என்ன ஏத்தன்னேன். பாடறவங்களுக்கு அவங்க கொரலு அவங்களுக்கே கேக்காதாம், அதுக்காகக் காலடியில அவங்களப் பாத்து ஒரு ஸ்பீக்கர் வெப்பாங்களாம். அது பத்தலைன்னா, ஓரத்துல உக்காந்திருக்கற சவுண்டுக்காரருக்கு வெரலை மேல காட்டுவாங்களாம். சத்தத்தை எச்சு வைய்யின்னு அர்த்தமாம். அந்தப் பாட்டு அந்த எடத்துல சத்தமா வாசிக்கறதால எல்லா ஊர்லயும் அங்கதான் கொரலு கேக்காமப் போகும்னு வெளக்கம் வேற.

யாருங்ணா கேட்டா அவன? நான் கேட்டனா?

இருக்காதுன்னுதான் நெனச்சேன். அடுத்த தடவை அந்த வரி வரும்போது வெரலப் பாக்காம மொகத்தப் பாத்தேன். காதைத் தொட்டான். பக்கவாட்டுல பாத்தான், அங்க திரைக்கு அக்கட்ட ஒரு மேசை, அது பூரா திருகு, வழுக்கைத் தலையோட ஒருத்தரு ஹெட்போன் மாட்டி உக்காந்திருக்காரு. வெரலைத் தூக்கினான். மைக்கை வாய்ல இருந்து தள்ளி வெச்சுட்டு, "ஏத்துடா நாயே"ன்னான். அந்த ஆளு ஒரு திருகத் திருகினாரு. இவன் தலைய ஆட்டிட்டு, கண்ண மூடி, உருகி உருகிப் பாடறான். அடுத்த பாட்டுல சத்தம் எச்சாப் போச்சு போலிருக்குது, வெரலைக் கீழ காட்டினான். பின்னாடி திரும்பிப் பாக்கறேன், அத்தனை சனமும் கீழ காட்டுது. பூமியாம்.

எங்கப்பா சிதைக்கு முன்னாடி நின்னு நான் என்ன காட்டியிருக்கேன் சொல்லுங்க. மானிட்டர் ஏத்தச் சொல்லியிருக்கேன்.

இல்லீங்ணா, தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். முடிச்சறேன்.

பாதிக் கச்சேரியில நிறுத்தி, ஸ்பான்ஸர்களுக்கு மரியாதைன்னாங்க. அது ஒரு கண்றாவி. டிரம்ஸுக்கு முன்னாடி குத்துவிளக்காட்டம் வரிசையா நின்னு பொன்னாடை வாங்கிக்கறது. அதுல மைக்குக்காரரு சொல்றாரு: அடுத்ததா, நமது ஜோயலின் இருபதாண்டு கால ரசிகர், கணபதி மோட்டார் ரிவைண்டிங் தண்டபாணி அவர்கள் ஜோயலுக்குப் பொன்னாடை போர்த்துவார். எம்பேரு. திரும்பிப் பாத்தா சென்னியப்பன் பட்டுச் சால்வையக் கையில குடுத்து, போங்க சம்பந்தி, உங்களுக்காகத்தான் ஏற்பாடு பண்ணினேன், சொல்லாம வெச்சிருந்தேன்னு சிரிக்கறாரு. ஒரு மணி நேரம் முன்னாடி குடுத்திருந்தா அவர் காலுல விழுந்திருப்பேன். இப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, நாலு பேரு முன்னாடி என்னை மேடையேத்தி, தன் பவுசைக் காட்டறாரு மனுசன்னுதான் தோணுச்சு.

ஏறினேன். கிட்டப் போனா ஒரு வாடைங்ணா, வேர்வை, செண்டு, சிகரெட்டு எல்லாம் கலந்து. என் தோள் மேல கையப் போட்டு, கேமராவப் பாத்துப் பல்லக் காட்டிட்டு, ஒதடு அசையாம, "சீக்கிரம் சார்"ங்கறான். என் மொகத்தக் கூடப் பாக்கல. எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, அவன் கையத் தட்டி விட்டேன். நேரா ஓரத்துக்குப் போய், அந்த வழுக்கைத் தலைக்காரரு தோள்ல சால்வையப் போட்டேன். நீ நாய்னு சொன்ன ஆளுக்குத்தாண்டா மரியாதைன்னு காட்டினேன். அந்த ஆளு சந்தோசப்படுவாருன்னு பாத்தா, சால்வை நுனி திருகு மேல விழுந்து, ஸ்பீக்கர் கூவுன்னு ஊளையிடுது. யோவ், கையெடுய்யான்னு என்னைத் தள்ளி விடறாரு.

ஜோயல் மூஞ்சி செத்துப் போகும்னு நெனச்சேன். அவன் மைக்கைப் புடிச்சு, "நண்பர்களே, இதுதான் என் ரசிகன். மேடையில தெரியற எனக்கில்ல, இருட்டுல உழைக்கறவருக்கு மரியாதை பண்ணச் சொல்லித்தான் நான் இவங்களுக்குக் கத்துக் குடுத்திருக்கேன்"னாங்ணா. மைதானமே அதிருது கைதட்டு. அவனுக்கு நான் பண்ணின அவமானத்தையும் அவனே எடுத்து மாலையாப் போட்டுக்கிட்டான்.

கீழ எறங்கினா சென்னியப்பன் கண்ணு கலங்கி நிக்கறாரு. எவ்வளவு பெரிய மனசுங்க சம்பந்தி உங்களுக்கு, அந்தத் தொழிலாளிக்குப் போட்டீங்களேன்னு கையப் புடிச்சுக்கறாரு. அவங்க குடும்பத்துல எல்லாரும் என்னைச் சாமியப் பாக்கற மாதர பாக்கறாங்க. யாருக்குமே என் கோவம் தெரியல. அது இன்னுங் கொஞ்சம் குமட்டிட்டு வந்துச்சு.

கச்சேரி முடிஞ்சு கார் நிக்கற எடத்துக்கு வந்தோம். வாங்க போலாம், சிங்காநல்லூர்ல ஊட்டுல எல்லாரும் காத்திருக்காங்க, பங்காளிங்க வந்திருக்காங்க, இலை போட்டாச்சுன்னு சென்னியப்பன் கூப்பிட்டாரு. நான் ஒண்ணும் தப்பாப் பேசலீங்ணா. உள்ளதைச் சொன்னேன். எனக்கு வேண்டாங்க, இன்னைக்குப் பாத்ததுக்கு எனக்கு ஒரு வாய் சோறு எறங்காதுன்னேன். அவரு சும்மா இருந்திருக்கலாம். ஒரு வாயாவது, பேருக்காவது வந்து கை நனைச்சுட்டுப் போங்க, எங்கம்மா உக்காந்திருக்குன்னாரு. எனக்கு அப்ப சோறுன்னு கேட்டாலே அந்தப் பக்கெட்டுதான் கண்ணு முன்னாடி. கையெடுத்துக் கும்பிட்டு, வற்புறுத்தாதீங்க, இங்க என்னத்தத் தின்னாலும் வாந்திதான் வரும்னு சொல்லிட்டுக் காரை எடுத்துட்டேன்.

சுலோச்சனா என் தொடையைக் கிள்ளினா, ரத்தம் கட்டிப்போச்சு. ஏன் கிள்ளறான்னு எனக்கு வெளங்கல. கண்ணாடியில பாத்தேன், சென்னியப்பன் அதே எடத்துல கைய இப்படி நீட்டினபடி நிக்கறாரு. பையன் குனிஞ்சு தரையப் பாத்துட்டு நிக்கறான். மானிட்டரப் பத்தி எதுக்குடா சொன்னோம்னு நெனச்சிருப்பான். நெனைக்கட்டும்.

ஊட்டுக்கு வந்ததும் படத்தையெல்லாம் கழட்டினேன். காலையில மொத வேலையா ஷட்டர்ல சாம்பல் கலர் பெயின்ட் அடிச்சேன். பனியன் பத்தும் இப்ப இங்க கிரீஸ் தொடைக்கற துணி, இதோ பாருங்க. அன்னையில இருந்து எனக்கு எதுவுமே புடிக்கல. ரேடியோவில எவன் பாடினாலும் துப்பற சத்தம் கேக்குது.

தாரணிக்கும் அப்படித்தாங்ணா. அதுதான் எனக்கு வெசனம். அவ அந்தப் பாட்டோட வளந்தவ இல்லீங்களா, அந்த வெரலு பொய்யின்னு தெரிஞ்சா தாங்குமா? மூணு நாளு சோத்தைப் பெசஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போய்ட்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் சுலோச்சனாகிட்டச் சொன்னேன், பாரு, எம் பொண்ணு, என்னையாட்டமே, ஏமாத்தத்தப் பொறுத்துக்க மாட்டா. சுலோச்சனா என்னைய ஒரு பார்வை பாத்தா. அடுப்புல என்னமோ கிண்டிட்டிருந்தா.

இவ்வளவுதாங்ணா நடந்தது. சால்வைக்கு அவங்க கோவிச்சுக்கல, கைதட்டினாங்க. அப்பறம் ஏன் போனே இல்ல, ஏன் தேதி குறிக்க வரலைன்னு எனக்குத் தெரியல. பணக்காரங்க, இன்னைக்கு ஒரு பேச்சு நாளைக்கு ஒரு பேச்சு. இப்பச் சொல்லுங்க, தப்பு யார் மேல? ஜோயல் மேலயா, எம்மேலயா?

சோறா?

எந்தச் சோறுங்ணா? இல்ல, நான் அவங்க ஊட்டுச் சோத்தைச் சொல்லல. எனக்குக் குமட்டுச்சு, அதான் வேண்டாம்னேன். அதுக்கு அர்த்தம் சம்பந்தம் வேண்டாம்னா? பங்காளிங்க முன்னாடியா? சென்னியப்பனோட அம்மா, அந்தப் பெரியம்மா, இலை முன்னாடி உக்காந்தே இருந்துச்சா... நான் ஜோயலத்தானே சொன்னேன். அது அவங்களுக்குத் தெரியாதா? இல்ல, நான் எங்க சொன்னேன், ஜோயல் பேர நான் எடுக்கவேயில்ல. சாமி.

இருங்க, இருங்க. இப்பவே கெளம்பி வர்றேன், நேர்ல போய்ச் சொல்லிறலாம். பொண்ணு வாழ்க்கைங்ணா இது. எந்திரிங்க, வண்டி வெளியதான் நிக்குது. ஏன் உக்காந்தே இருக்கீங்க?

சென்னியப்பன் ஊட்டுக்கு யாரு வந்தாங்க? தாரணியா?

எப்ப? புதன்கெழமையா? ஆபீஸ்ல இருந்து நேராவா? தனியாவா போனா? சொல்லுங்ணா, மென்னு முழுங்காதீங்க.

என்ன சொன்னாளாம்?

"எங்கப்பாவுக்குப் பசிக்கலைங்க, எனக்குப் பசிக்குது"ன்னாளா?

இலை போட்டு உக்கார வெச்சாங்களா? சாப்பிட்டாளா? அந்தப் பெரியம்மா அவங்க கையால பரிமாறுச்சா. ரசத்துக்கு மறு சோறு கேட்டு வாங்கினாளா. இவ மறு சோறு வாங்கி நான் எத்தனை நாளாச்சு பாத்து. எங்க ஊட்டுல மூணு நாளாப் பட்டினியாக் கெடந்த புள்ளைங்ணா அது. அப்ப உறுதிதானுங்களே? ஐப்பசியிலயா? தேதியும் பாத்தாச்சா?

தேதி யாரு பேசினது, எங்க பக்கம்? புள்ளை தானே பேசிருக்க முடியாது, அதுக்குப் பெரியவங்க ஒருத்தர்...

சுலோச்சனாவுமா போனா? ரெண்டு பேரும் ஒட்டுக்காவா? புதன்கெழமை அவ கோனியம்மன் கோயிலுக்குப் போறேன்னுதானே சொன்னா. சோறாக்கி மூடி வெச்சிருக்கேன், போட்டுத் தின்னுக்குங்கன்னா. நானும் போட்டுத் தின்னுட்டு, பக்கத்து ஊட்டுக்காரனப் புடிச்சு உக்கார வெச்சு, ஜோயல் துப்பினதச் சொல்லிட்டிருந்தேன், அவங்க வர்ற வரைக்கும்.

வந்து ஒண்ணுமே சொல்லலீங்ணா ரெண்டு பேரும். நல்லா சாமி கும்பிட்டீங்களான்னு கேட்டேன். கும்பிட்டோம்னாங்க.

இல்லீங்ணா, கோவமெல்லாம் இல்ல. கோவம் யார் மேல. நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் இப்பப் போனா, எனக்கு அங்க ஒரு இலை போடுவாங்களா?